கோப்பை கடற்கரைக்குத்தான்

கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் கால்பந்துப் பருவம் தொடங்குகிறது. தொடங்கும் முன்பே ஒரு ரசிகனின் கணிப்பு.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆண்கள் கால்பந்துப் போட்டியில் இந்த ஆண்டு தூத்தூர் புனித யூதா கல்லூரி கோப்பையைத் தூக்கும். இரண்டாம் இடத்துக்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் முட்டும். சவேரியார் ஓர் அடி முன்னால் நிற்பதாக எனக்குப் படுகிறது. மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி கடைசி நான்குக்குள் வரும். யாரும் எதிர்பாராத நேரத்தில் பெரிய அணி ஒன்றை வீட்டுக்கு அனுப்பப்போவது கருங்கல் பக்கம் சூசைபுரத்தில் இருக்கும் புனித அல்போன்சா கல்லூரி. என் கணிப்பு இவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அதற்கான காரணங்கள்.

ஆசையைக் கணிப்பென்று எழுதுகிறாயா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் கல்லூரிக் கால்பந்தைப் பின்தொடர்பவர்கள் ஆசையை மட்டும் நம்பிப் பேசுவதில்லை. ஜூன் மாதம் அட்மிஷன் தொடங்கியதும் டீக்கடையிலும் குருசடித் திண்ணையிலும் கேட்கும் முதல் கேள்வியே, "எலே மக்கா, அந்த லெஃப்ட் விங் பய எங்கலே சேந்தான்?" என்பதுதான். ப்ளஸ் டூ முடித்த கோல் கீப்பர் பி.காம். எடுத்தானா, பாலிடெக்னிக் போனானா, கொச்சிக்குப் படகேறினானா என்று ஊருக்கே தெரியும். அந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது கணிப்பு.

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் என்றால் அது வேறு ஆட்டம். பந்தின் வடிவமே வேறு. ஆனால் பருவத்துக்கு முன்பே வரிசை சொல்லும் வழக்கத்தை அங்கே மிகவும் மதிக்கிறார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கெடுத்து அணிகளை வரிசைப்படுத்துகிறது. ஓர் ஆட்டம்கூட நடக்காத நிலையில் வெளியிடும் முன்கணிப்பு வரிசை 1950இல் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நம் கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கச் சில நூறு பேர் கூடினாலே திருவிழா. அந்தச் சில நூறு பேருக்கு ஆட்டத்தின் நுணுக்கம் தெரியும் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

மாணவர் யார் பெயரையும் சொல்லி எடைபோடப் போவதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனின் தோளில் ஊரின் எதிர்பார்ப்பை அச்சிட்டு ஏற்றுவது சரியல்ல. கல்லூரி எங்கே இருக்கிறது, எந்த ஊர்ப் பையன்கள் அங்கே படிக்கிறார்கள், எந்த மண்ணில் பயிற்சி, எந்த மாதத்தில் ஆட்டம் என்பவற்றை வைத்தே பேசுகிறேன். இந்த மாவட்டத்தில் அவை போதும்.

மணலில் பழகிய கால்

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கேரள எல்லையிலிருந்து குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டினம் முகத்துவாரம் வரை வரிசையாகக் கிடக்கும் எட்டு ஊர்கள் இவை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பதில் இந்தியாவின் மேற்குக் கரை முழுவதும் பெயர்பெற்ற மக்கள். கரையில் அவர்களுக்கு இருக்கும் ஒரே பெரிய பித்து கால்பந்து. நடக்கத் தொடங்கிய பிள்ளை பந்தைத் தட்டுவது எங்கும் உண்டு. பேரன் ஆட்டத்தில் எங்கே பிசகினான் என்று பாட்டி எடுத்துச் சொல்வதை இங்கேதான் கேட்க முடியும்.

மைக்கேல் சூசைராஜ் பிறந்தது இரவிபுத்தன்துறையில், 1994இல். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடி, 2018இல் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். அடுத்த பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தார், அந்த அணி 2020 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. இந்திய அணிக்கும் அழைக்கப்பட்டார். 2020 நவம்பரில் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறியபோது, இடது விங்கில் இந்தியாவுக்கு நிலையான ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று நம்பியிருந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனசு உடைந்தது. அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டிக்கு ஆடியவர். அந்த சென்னை சிட்டிதான் 2018-19 பருவத்தில் 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் சாம்பியன் ஆனது. நீரோடியிலிருந்து எல்லையைத் தாண்டிக் கால் வைத்தால் பொழியூர். கேரளத்தின் சந்தோஷ் டிராபி அணிகளுக்கு ஆட்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஊர் அது. மாநிலம் வேறு என்றாலும் கடலும் மணலும் ஆட்டமும் ஒன்றுதான்.

இந்த எட்டு ஊர்களின் நடுவில் இருக்கிறது புனித யூதா கல்லூரி. என் முதல் கணிப்புக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. மற்ற கல்லூரிகள் ஆட்களைத் தேடிப் போக வேண்டும். இந்தக் கல்லூரிக்கு ஆட்கள் வீட்டிலிருந்து நடந்தே வருகிறார்கள். ஏழு வயதிலிருந்து எதிரும் புதிருமாக ஆடியவர்கள் கல்லூரியில் ஒரே சட்டை போடுகிறார்கள். வள்ளவிளைக்காரன் பந்தை எந்தப் பக்கம் தள்ளுவான் என்று சின்னத்துறைக்காரனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தாலும் மற்ற அணிகளுக்கு வராத புரிதல் அது.

மணலில் வளர்ந்த கால் வேறு மாதிரி. கெண்டைக்காலுக்கு வலு அதிகம். இரண்டடி இடத்துக்குள் திரும்பிவிடுவான். உடம்பைக் கொடுத்து முட்டினாலும் விழமாட்டான். மணலில் பந்து உருளாது என்பதால் அதைத் தூக்கிக் கொடுக்கவும் நெஞ்சில் வாங்கவும் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறான். ஆனால் அதே மணல் சில குறைகளையும் ஊட்டிவிடுகிறது. கெட்டித் தரையில் நாற்பது மீட்டர் உருட்டிக் கொடுக்க வேண்டிய பாஸ் கொஞ்சம் தடுமாறும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆஃப்சைடு. கடற்கரைப் பையன்கள் வளர்வது செவன்ஸ் ஆட்டத்தில். ஏழு பேர், சின்ன மைதானம், ஆஃப்சைடு கிடையாது. கோல் முகத்தில் காத்து நின்று அடித்தே பழகியவன், கல்லூரியில் பதினொரு பேர் ஆட்டத்துக்கு வந்ததும் கடைசி டிஃபெண்டரின் தோளைப் பார்த்து ஓடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் தூத்தூர் முன்வரிசைக்கு எதிராக லைன்ஸ்மேனின் கொடி அடிக்கடி உயரும். வெளியே நிற்பவர்கள் "கேறிப் போலே, கேறிப் போ" என்று கத்துவார்கள். அவன் கேறித்தான் போயிருப்பான், கொஞ்சம் முன்கூட்டியே. மூன்றாவது ஆட்டத்தில் இது சரியாகிவிடும். அதற்குள் தோற்காமல் இருந்தால் கோப்பை.

தோற்றால்? நாக் அவுட்டில் மூன்றாவது ஆட்டம் என்று ஒன்று கிடையாது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. இந்தப் பையன்கள் ஆடி வளர்ந்த மணல் குறைந்துகொண்டே வருகிறது. கடலரிப்பு இரவிபுத்தன்துறையிலும் வள்ளவிளையிலும் கரையைத் தின்கிறது. வீடுகளைக் காக்கக் கல் கொட்டிக் கடற்சுவரும் தூண்டில் வளைவும் கட்டுகிறார்கள். வீடு முக்கியம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு முன் அப்பா பந்தாடிய இடத்தில் இன்று மகன் ஆட முடியவில்லை. பாறைகளுக்குப் பின்னால் மிஞ்சிய ஒரு துண்டில் நான்கு வயதுக் குழுவினர் முறைவைத்து ஆடுகிறார்கள். பத்து வருடம் கழித்து இதே கணிப்பை எழுத வேண்டி வந்தால் தூத்தூரை முதலில் போடுவேனா என்ற சந்தேகம் எனக்கு வருவது இதனால்தான்.

தடைக்காலமும் மழையும்

தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு விதமாக விழும் மாவட்டம் கன்னியாகுமரி ஒன்றுதான். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் விசைப்படகுகள் முதல் கணக்கில், குளச்சல், தேங்காப்பட்டினம் படகுகள் இரண்டாம் கணக்கில். கால்பந்தோடு இதற்கென்ன தொடர்பு என்று நாஞ்சில் நாட்டு வயல் பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள். தொடர்பு நேரானது. கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்யும் அண்ணன்மாரும் மாமன்மாரும் ஜூன், ஜூலையில் ஊரில் இருப்பார்கள். செவன்ஸ் டோர்னமென்ட்கள் சூடுபிடிக்கும். முப்பது வயது முரட்டு பேக்குகளுக்கு எதிராகக் கல்லூரிப் பையன் இரண்டு மாதம் ஆடுவான். எந்தக் கோச்சும் கொடுக்க முடியாத பயிற்சி அது. ஆகஸ்டில் கல்லூரி மைதானத்துக்கு வரும்போது அவன் பருவத்தின் நடுவில் இருக்கும் உடம்போடு வருகிறான். மற்ற கல்லூரிக்காரன் விடுமுறைச் சோம்பலை உதறிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் ஆகஸ்ட் 1 அன்று படகுகள் புறப்படும்போது சில பையன்களும் கூடவே போய்விடுகிறார்கள். வீட்டு நிலை அப்படி. ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கணக்கு இன்னும் கனமாகிவிட்டது. 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் அடித்தபோது கடலில் இருந்து திரும்பாதவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். அப்பாவையோ அண்ணனையோ இழந்த வீட்டில் பிளேயராக இருந்த பையன் சம்பாதிக்கும் ஆளானான். எந்தக் கல்லூரியின் பி.டி. சார் ஜூலை மாதமே வீடு வீடாகப் போய், ஃபீஸுக்கு வழி செய்து, பையனைக் கரையில் நிறுத்தி வைக்கிறாரோ அவர் அணிதான் அக்டோபரில் முழுதாக இருக்கும். திறமையைவிட இதுவே கோப்பையைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மழையையும் சொல்ல வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் இது. அக்டோபர் நடுவில் ஆட்டம் வைத்தால் செம்மண் மைதானம் உழுத வயல்போல் ஆகிவிடும். சேற்றில் சின்னப் பாஸ் ஆடும் அணிகள் திணறும். உடம்பு வலுவும் தூக்கிக் கொடுக்கும் பழக்கமும் உள்ள கடற்கரை அணி மேலே வரும். போட்டி ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்துவிட்டால், பாளையங்கோட்டையின் காய்ந்த கெட்டித் தரையில் நடந்தால், சவேரியாருக்குச் சாதகம். அவர்களுக்கு 1923 முதல் நீண்டுவரும் கல்லூரி மரபு இருக்கிறது, விடுதி இருக்கிறது, பல மாவட்டத்துப் பையன்கள் அங்கே வந்து சேர்கிறார்கள், கடற்கரைப் பையன்கள் உட்பட. தூத்தூரைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே அணி அதுதான் என்று நான் நினைப்பதற்கு, அந்த அணியிலும் தூத்தூர் மணலில் வளர்ந்த கால்கள் இருக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

மற்றவர்கள்

ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளிவரை போகிறது. கல்லூரியாக 1893 முதல் நடக்கிறது. நாகர்கோவிலின் நடுவில் மைதானம் வைத்திருப்பது அதன் பெரிய செல்வம். மாலை ஐந்து மணிக்கு அந்த வழியாக நடந்து பாருங்கள், ஊரின் பாதி விளையாட்டு அங்கே நடக்கும். நகரத்துப் பையன்களுக்குத் தரைப் பாஸ் நன்றாக வரும், ஆட்ட ஒழுங்கும் உண்டு. குறை என்னவென்றால், கோல் அடிக்கும் வெறியுள்ள முன்வரிசை ஆட்டக்காரன் நகரத்தில் அதிகம் கிடைப்பதில்லை. முட்டம், குளச்சல் பக்கத்திலிருந்து ஒரே ஒரு நல்ல ஸ்டிரைக்கர் இந்த ஆண்டு அங்கே சேர்ந்திருந்தால் என் இரண்டாம் இடக் கணிப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம் நேசமணி கல்லூரி (1964) கடற்கரைக்கும் மலையோரத்துக்கும் நடுவில் இருக்கிறது. குலசேகரம், அருமனைப் பக்கத்து உயரமான டிஃபெண்டர்களும் கடற்கரையின் விங்கர்களும் ஒரே அணியில் கலக்க முடிகிற இடம். கோல் வாங்காமல் ஆடி, டை பிரேக்கரில் ஜெயிக்கும் அணியாக அதைப் பார்க்கிறேன். அரையிறுதி நிச்சயம், அதற்கு மேல் போக நடுக்களத்தில் ஒரு நிதானமான ஆள் வேண்டும். நாகர்கோவில் இந்துக் கல்லூரி (1952) போராடும், ஆனால் டிராவில் ஆரம்பத்திலேயே பெரிய அணியைச் சந்தித்தால் பிழைப்பது கடினம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியும் பாளையங்கோட்டை சதக்கத்துல்லா அப்பா கல்லூரியும் கால் இறுதிவரை வரும்.

புனித அல்போன்சாவை ஏன் சொன்னேன்? கருங்கல் வட்டாரத்திலிருந்து கடற்கரை கொஞ்ச தூரம்தான். தூத்தூர் அணியில் பெஞ்சில் உட்கார விரும்பாத பையன் பஸ் ஏறிப் போகும் கல்லூரி அது. நிரூபிக்க வேண்டியது ஏதோ பாக்கி இருக்கும் ஐந்தாறு பேர் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கால்பந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

பொறியியல் கல்லூரிக்குப் போகும் நல்ல பிளேயர்கள் அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டிகளுக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் நல்லவர்கள் கல்விக் கட்டணச் சலுகையோடு சென்னையின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே இருந்தால் என்ன கிடைக்கும் என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி மாவட்டத்தில் பேசுவதே குறைவு. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன்கள். 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. நாகர்கோவிலில் ஹோலி கிராஸ், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெரிய பெண்கள் கல்லூரிகளே இருக்கின்றன. கடற்கரைப் பெண் பிள்ளைகளுக்கும் அதே மணல், அதே கால். ஒரு பி.டி. அம்மா மனது வைத்தால் மூன்றே ஆண்டில் இங்கிருந்து மாநில அணிக்கு ஆள் போகும். இதையும் கணிப்பாகவே சொல்கிறேன்.

தென்மண்டலத்தில்

கல்லூரிப் போட்டியிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகும். அது மண்டல அளவில் மற்ற பல்கலைக்கழகங்களோடு மோதி, முன்னணியில் முடித்தால் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அங்கே கொடுக்கப்படுவது சர் அஷுதோஷ் முகர்ஜி கோப்பை. நம் அணிக்கு என் கணிப்பு: இரண்டு சுற்றுகளைத் தாண்டும், மூன்றாவதில் கேரளத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் தோற்கும். எழுதும்போதே வலிக்கிறது, ஆனாலும் கணிப்பு அதுதான்.

கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1968இல்தான் தொடங்கியது. அதன் கால்பந்து அணி அஷுதோஷ் முகர்ஜி கோப்பையைப் பல முறை வென்றிருக்கிறது. கேரளம் தன் முதல் சந்தோஷ் டிராபியை 1973இல் வென்றது. அங்குள்ள பையன்களின் காலில் நம் பையன்களுக்கு இல்லாத மந்திரம் எதுவும் இல்லை. பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையில் மணல் மாறுவதில்லை. அவர்கள் ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். நம்மவர்கள் சில நாட்கள் ஆடுகிறார்கள்.

நாக் அவுட்டுக்கு வருகிறேன் என்றேன். பதினாறு கல்லூரிகள் மோதும் நாக் அவுட்டில் முதல் ஆட்டத்தோடு எட்டு அணிகளுக்குப் பருவம் முடிந்துவிடும். தூத்தூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய், ஒரு கொடி தவறாக உயர்ந்து, ஒரு பெனால்டி கம்பத்தில் பட்டு, மாலை பஸ்ஸில் திரும்புகிற பையனுக்கு அடுத்த கல்லூரி ஆட்டம் அடுத்த ஆண்டுதான். மூன்று ஆண்டுப் படிப்பில் மூன்றே ஆட்டங்கள் ஆடி முடித்துவிட்டுப் போகும் திறமைசாலி இருக்க முடியும். அவனைத் தேர்வாளர் எப்போது பார்ப்பார்? பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட 25 வயது வரைதான் இடம். வாய்ப்பு அதோடு கரைந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம், மாவட்டத்துக்குள் ஒரு லீக் போதும். மாவட்டத்துக்குள் எட்டுக் கல்லூரிகள் ஒன்றோடொன்று ஒரு முறை மோதினால் மொத்தம் 28 ஆட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஏழு. சனிக்கிழமைதோறும் நான்கு ஆட்டம் வைத்தால் ஏழு வாரம். ஸ்காட் மைதானமும் நேசமணி மைதானமும் இருக்கின்றன. நாகர்கோவிலில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. கடற்கரையில் ஆட்டம் வைத்தால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஏழு ஆட்டம் ஆடினால் ஆஃப்சைடு பழகிவிடும், தரைப் பாஸ் சீராகிவிடும், காயம்பட்டவன் திரும்பிவர நேரம் இருக்கும். பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பவர் ஒரே நாளின் அதிர்ஷ்டத்தைப் பார்க்காமல் ஏழு வாரத்தின் ஆட்டத்தைப் பார்ப்பார். அந்த லீக் நடக்கும் ஆண்டில் தென்மண்டலம் பற்றிய என் கணிப்பை மாற்றி எழுதுகிறேன்.

எட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கும் பி.டி. சார்மாருக்கும் இது என் வேண்டுகோள்: மேற்குக் கரையில் தடைக்காலம் முடியும் ஜூலை 31க்குள், பையன்கள் எல்லோரும் ஊரில் இருக்கும்போதே, ஒரு மாலை நாகர்கோவிலில் கூடி ஏழு சனிக்கிழமைகளுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். கோல் போஸ்ட்டுக்கு வலை வாங்கப் பணம் குறைந்தால் ரசிகர்கள் எங்களிடம் கேளுங்கள், தருகிறோம்.